தாமதத்துக்குக் காரணம்

டே கேரில் வேலை பார்ப்பவளுக்குக் குழந்தைகளின் மூக்கைத் துடைப்பது கால் பங்கு வேலை. மீதி முக்கால் பங்கு, அந்தக் குழந்தைகளின் அம்மாக்களைப் பற்றி ஊர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் டே கேரில் நான் ஒன்பது வருடமாகப் பொறுப்பாளர். பெயர் செல்வி. எனக்கும் யாழினி என்று ஒரு பெண் இருக்கிறாள். ஆகவே கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். என்றைக்காவது பிள்ளையைக் கூட்டிப்போக மூச்சிரைக்க ஓடி, படியேறும்போதே "ஸாரி, ஸாரி" என்று ஆரம்பித்தவர் நீங்கள் என்றால், வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்.

சிரிப்பதற்கும் சில சமாசாரம் உண்டு. ஆனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டே கேரில் ஒரு நீல நோட்டு இருக்கிறது. அதில் நான் எழுதியதும், எழுதாமல் விட்டதும் சேர்ந்து, சங்கீதா என்ற ஒருத்தியை இன்று அவள் பிள்ளையிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது.

சிக்னல்

மாலை ஆறரைக்கு நாங்கள் கதவைச் சாத்த வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் நீல நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தேதி, பிள்ளையின் பெயர், வந்த நேரம் இவற்றை நான் எழுதுவேன். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கடைசிக் கட்டத்தை வருகிறவரே நிரப்ப வேண்டும். இது உரிமையாளர் ஜானகி மேடத்தின் ஏற்பாடு. மேடத்துக்கு மயிலாப்பூரில் வீடு. நேர விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு.

சங்கீதாவுக்குத் தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மகன் அகில், ஒன்றாம் வகுப்பு. பள்ளி வேன் அவனை மூன்று மணிக்கு எங்களிடம் இறக்கிவிட்டுப் போகும். சேர்ந்த முதல் வாரமே அவள் பன்னிரண்டு நிமிடம் தாமதம். பஸ் நகரவே இல்லை என்று பாதியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். காரணக் கட்டத்தில் 'மத்திய கைலாஷ் சிக்னல்' என்று எழுதினாள். அவள் போன பிறகு மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"சிக்னல் எல்லாருக்கும் ஒண்ணுதானே செல்வி? கொழந்தை காத்துண்டிருக்குங்கற பதைப்பு இருந்தா, சீக்கிரமே கெளம்பியிருக்க மாட்டாளா?"

இட்லிக்கு மூக்கு

பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர்தான் பெற்றோர் குழு. அப்பாக்கள் எல்லாரும் அதை மியூட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அடையாறிலிருந்து வரும் லாவண்யா தினமும் காலை எட்டு மணிக்கு மகளின் மாலைச் சிற்றுண்டி டப்பாவைப் படம் எடுத்து அதில் போடுவாள். நட்சத்திர வடிவத்தில் இட்லி, கேரட்டில் மூக்கு, மிளகில் கண். கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருநாள் யாரோ ஒருத்தி, 'சில பிள்ளைங்களுக்கு இன்னைக்கும் பிரெட் ஜாம்தான் போல, பாவம்' என்று எழுதினாள். பிரெட் ஜாம் கொண்டுவருவது அகில் ஒருவன்தான். அன்று சாயங்காலம் சங்கீதா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் பசியோட இருக்கானாக்கா?" என்று கேட்டாள்.

உண்மை என்னவென்றால், லாவண்யாவின் மகள் அந்த நட்சத்திர இட்லியைத் தொட மாட்டாள். கண் வைத்த இட்லியைப் பார்த்தால் அவளுக்குப் பயம். தினமும் அகிலின் பிரெட்டில்தான் பாதி வாங்கித் தின்பாள். இட்லி எங்கள் ஆயா பாக்கியத்தின் வயிற்றுக்குப் போகும். காலி டப்பா மட்டும் ஒழுங்காக லாவண்யாவிடம் போகும். இது வெளியே தெரியக்கூடாது என்று பாக்கியத்திடம் சொல்லி வைத்தேன். அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நான் ஏன்க்கா சொல்லப்போறேன்? அந்தம்மா காலங்காத்தால எய்ந்து இட்லிக்கு மூக்கு வச்சிக்கினு கீது. டப்பாவாச்சும் காலியா போவட்டும்."

பல் பதிந்த கதை

மூன்று வயதுப் பையன் ஒருவன், அதே வயதுப் பெண் ஒருத்தியின் கையைக் கடித்துவிட்டான். பையனின் அம்மா பாங்கில் வேலை பார்ப்பவள். பெண்ணின் அம்மா வீட்டில் இருப்பவள். "வீட்ல அம்மா இருந்து வளர்த்தா பிள்ளை இப்படிக் கடிக்குமா?" என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நாலு பேர் தலையை ஆட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே பெண் குழந்தை வேறொரு பிள்ளையைக் கடித்தாள். இப்போது என்ன சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முன்பு தலையை ஆட்டிய நாலு பேரில் ஒருத்தி சொன்னாள்:

"நாள் பூரா வீட்லதான இருக்கா? பிள்ளையைக் கொண்டாந்து இங்க விட்டா அது கடிக்காம என்ன செய்யும்?"

அப்பா வந்தார்

அகிலின் அப்பா பிரபுவுக்குப் பெருங்குடியில் ஆபீஸ். சங்கீதாவுக்கு மீட்டிங் இருந்தால், மாதத்தில் ஒருநாள் இரண்டு நாள் அவர் வருவார். முதல் தடவை வந்தபோது மணி ஏழு பத்து. அவர் படியேறி வந்ததுமே டே கேரே பரபரத்தது. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். பாக்கியம் அகிலின் பையைக் கொண்டுபோய்க் காரில் வைத்தாள். நான் முட்டி போட்டு அகிலுக்கு ஷூ மாட்டிவிட்டேன். சங்கீதா வரும்போது ஒருநாளும் நான் அதைச் செய்ததில்லை. நீல நோட்டை எடுக்கப் போனபோது, மேடம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பதிலுக்கு உள்ளேயிருந்து காபி வந்தது.

மேடத்தின் மேல் பழியைப் போட்டு நான் நழுவப் போவதில்லை. அதற்கப்புறம் பிரபு வந்த நாட்களில் பாதி நாள் மேடம் அங்கே இல்லை. நானாகத்தான் நோட்டை எடுக்கவில்லை. வேலை முடிந்து களைத்து வந்திருக்கிற மனிதரிடம் போய்க் காரணம் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது. சங்கீதாவும் வேலை முடிந்துதான் வந்தாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. முதல் நாள் அவர் கார் கிளம்பிய பிறகு, மேடம் பால்கனியில் நின்று சொன்னது இது:

"எவ்வளவு பொறுப்பு பாரு. இந்தக் காலத்துல எந்த அப்பா தானே வந்து கொழந்தையை அழைச்சுண்டு போறார்?"

என் பெண்ணின் டைரி

அது பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் புறப்பாடு நடந்த நாள். மயிலாப்பூர்ப் பக்கம் தெருவெல்லாம் அடைத்துவிட்டார்கள். மேடம் சுவாமி பார்க்கப் போய்விட்டார், பாக்கியமும் போய்விட்டாள். சங்கீதா ஆபீஸ் வேலையாகப் பெங்களூரில் இருந்தாள். அகிலை ஆறரைக்கு அழைத்துப்போக வேண்டியவர் பிரபு. அவருடைய போன் அணைந்து கிடந்தது. நானும் அகிலும் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழு ஐம்பதுக்கு வந்தார். "செம டிராஃபிக்" என்றார். அன்றும் நான் நோட்டை எடுக்கவில்லை, பூட்டைத்தான் எடுத்தேன்.

யாழினிக்கு அன்று மந்தைவெளியில் பள்ளி ஆண்டு விழா ஒத்திகை. ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது. கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் டைரியில் தேதி போட்டு, 'ஒத்திகை 7.00 மணிக்கு முடிந்தது. தாயார் வந்தது 8.20. தாமதம்' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு அன்று வார விடுமுறை. வீட்டில்தான் இருந்தார். பள்ளியிலிருந்து எனக்கு ஆறு தடவை போன் வந்திருந்தது, அவருக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், எனக்கும் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை. டீச்சர் டைரியை மூடிக் கொடுத்தபடி கேட்டார்:

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் பார்த்துக்கறீங்க, சொந்தப் பிள்ளைய இப்படி கேட்ல உட்கார வைக்கலாமாம்மா?"

நல்ல கையெழுத்து

அடுத்த வருடம் சங்கீதாவும் பிரபுவும் பிரிந்தார்கள். அகில் அம்மாவிடம் இருந்தான். ஒருநாள் காலை பதினோரு மணிக்குப் பிரபு வந்தார். பழைய நீல நோட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றார். "பெத்த அப்பா கேக்கறார், குடு" என்றார் மேடம். அகில் பெயர் வரும் பக்கங்களைப் பிரபு ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தார். காற்றில் தாள் புரண்டது. அது புரளாமல் இருக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டவள் நான். எதற்கு என்று கேட்கும் புத்தி இல்லை. ஏதோ ஆபீஸ் விஷயமாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். போகும்போது சிரித்த முகமாகச் சொன்னார்:

"உங்க கையெழுத்து ரொம்பத் தெளிவா இருக்குக்கா. தேங்க்ஸ்."

ஒரு தடவைகூடவா?

மூன்று மாதம் கழித்து சங்கீதா ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். பிள்ளை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று பிரபு கோர்ட்டுக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு வேலைதான் முக்கியம், பிள்ளையைப் பற்றி அக்கறை இல்லை என்பதற்கு அத்தாட்சியாக, என் கையெழுத்தில் முப்பத்து நாலு வரிகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் அவளே எழுதிய காரணம். சிக்னல், மழை, ஆபீஸில் ரிலீஸ், பஸ் இல்லை, மீண்டும் சிக்னல். அவள் சத்தம் போடவில்லை. "அவர் ஒரு தடவைகூட லேட்டா வந்ததில்லையாக்கா? அவர் பேர் எங்கயுமே இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஒரு தடவைகூட ஆறரைக்கு வந்ததில்லை என்று நான் சொன்னேன். "அப்ப அதை எழுதிக் குடுங்கக்கா" என்றாள்.

மேடத்திடம் போய் நின்றேன். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டோம், இப்போதாவது சொல்லிவிடலாம் என்றேன். மேடம் நோட்டை மூடி டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"நோட்டுல இல்லாததை நாம எப்படிடி சொல்றது? நாளைக்கு இந்த எடத்துக்கு யார் கொழந்தையை அனுப்புவா?"

தி.நகர் வக்கீல்

வேலை போனால் போகட்டும் என்று நானே ஒரு கடிதம் எழுதினேன். எழுத உட்கார்ந்தால், பிரபு தாமதமாக வந்த நாட்களின் தேதி ஒன்றுகூட நினைவில் இல்லை. எழுதி வைக்காதது எப்படி நினைவில் நிற்கும்? ஒரே ஒரு நாள்தான் தேதியோடும் மணியோடும் பதிவாகியிருந்தது. அதுவும் யாழினியின் பழைய டைரியில். பின்பக்கங்களில் படம் வரைவதற்காக அதை எறியாமல் வைத்திருந்தாள். அவளிடம் கேட்டு வாங்கி, தி.நகரில் சங்கீதாவின் வக்கீல் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அன்று பிரபு ஏழு ஐம்பதுக்கு வந்தார், அதனால்தான் நான் எட்டு இருபதுக்குப் போனேன், பாருங்கள் டீச்சர் எழுதியிருக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

வக்கீலும் ஒரு பெண்தான். மேஜையில் அவருடைய போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, திரையில் ஏதோ பள்ளியின் பெயர். அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு டைரியை இரண்டு தடவை படித்தார். பக்கத்திலிருந்த சங்கீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. ஆனா இந்தப் பக்கத்துலயும் ஒரு அம்மா லேட்டா வந்தாங்கன்னுதானே எழுதியிருக்கு?"

வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவரை அகில் அப்பாவிடம் இருக்கட்டும் என்று உத்தரவு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் சங்கீதா பார்க்கலாம். அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நின்றுவிடுகிறாளாம். மேடம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை; ஆறரைக்கு மேல் தனியாக இருக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. நானும் ஒன்று செய்தேன். யாரையும் கேட்காமல், அப்பாக்கள் தாமதமாக வந்தாலும் நீல நோட்டை நீட்ட ஆரம்பித்தேன். காபி கிடையாது. மேடம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

இப்போது எங்கள் நோட்டில் அப்பாக்களும் மறுக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், 'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் எழுதுவது: 'மனைவியால் வர முடியவில்லை.'