மூன்றாம் வருஷத்துக்கு நான் போட்ட மார்க்

எனக்கு எதைப் பார்த்தாலும் மார்க் போட்டுத்தான் பழக்கம். சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். கல்யாண வீட்டுச் சாம்பாருக்குக்கூடப் பத்துக்கு இத்தனை என்று மனசுக்குள் போட்டுவிட்டுத்தான் அடுத்த வாய் எடுப்பேன். இந்தப் புத்தியால் நான் தலைகுனிந்த இடங்கள் கொஞ்சநஞ்சமில்லை. அதில் ஒன்று மட்டும் ஒரு மனுஷருடைய உயிர்வரை போய் நின்றது.

எண்பதுகளின் நடுவில், பூ மார்க்கெட் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரி. கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே வீடு கட்டிய குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயசு இளையவள், தன் உம்மாவோடு இருந்தாள். மாப்பிள்ளை வளைகுடாவில் லாரி டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோவார். ஒரு தடவை வரும்போது டிவியும் வீடியோ கேசட் ஓட்டுகிற டெக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்போது எங்கள் ஊரில் டிவியைத் திறந்தால் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்தான் வரும். படம் பார்க்க வேண்டுமென்றால் கேசட்தான்.

கூடவே ஒரு கேசட்டும் கொண்டுவந்திருந்தார். ஒரு பல் டாக்டரைப் பற்றிய இங்கிலீஷ் நகைச்சுவைத் தொடர். நோயாளியைவிட டாக்டருக்குத்தான் பயம். ஊசியைப் பார்த்தால் அவருக்கே மயக்கம் வரும். வாசலில் பேர் எழுதிக்கொள்ள ஒரு காது கேட்காத கிழவி. இவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் டாக்டர் மயங்கி விழுந்ததும் இவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பெண்டாட்டி சிரித்ததைப் பார்த்துவிட்டுப் போன மனுஷர், அங்கே போனதும் வாராவாரம் அந்தத் தொடரைப் பதிவுபண்ண ஆரம்பித்தார். அறையில் நாலு பேர் சேர்ந்து வாங்கிய டெக். வெள்ளிக்கிழமை சாயங்காலம், லீவு நாள், தொடர் போடும் நேரத்தில் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். கேசட் நிறைந்ததும் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அது கடையநல்லூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் கீழேயிருந்து குரல் வரும். "டீச்சரக்கா, கேசட் வந்திருக்கு. வாரீகளா?" நான் நோட்டும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு இறங்குவேன். படம் ஓட ஓட அர்த்தம் சொல்வது என் வேலை. டாக்டர் பேசும் இங்கிலீஷ் எனக்கும் பாதிதான் பிடிபடும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. பிடிபடாத இடத்தில் நானாக ஒன்றைச் சொல்லிவிடுவேன். அதற்கும் சிரிப்பார்கள்.

பதிவு என்றால் டிவியில் வந்தது வந்தபடி. விளம்பரம் வந்ததும் நிறுத்தி வைத்து, நாடகம் திரும்ப வந்ததும் விடுவார். அந்த இடத்தில் படம் ஒரு குலுங்கு குலுங்கும். சில சமயம் சோப்பு விளம்பரத்தின் வால் அரை நொடி வந்துபோகும். சில வாரம் தொழுகை நேரம் நடுவில் வந்தால் நாடகத்தை நிறுத்திவிட்டுப் பாங்கு ஒலிக்கும். அதை மட்டும் அவர் வெட்ட மாட்டார். உடனே இவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏட்டி, இது போன மாசத்துப் பாங்கு. இங்கன மணி மூணுதான் ஆகுது" என்று கேலி செய்தேன்.

"அவுக இதைக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பாகல்லாக்கா" என்றாள். நான் அதை அப்போது காதில் வாங்கவில்லை.

சீமையில் வருஷத்துக்கு ஒரு தொகுப்பாக வந்த தொடரை வளைகுடா டிவியில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் போட்டார்கள். முதல் வருஷத்துத் தொடருக்கு எண்பத்தைந்து போட்டேன். இரண்டாம் வருஷத்துக்கு எழுபத்தெட்டு. நான் தாராளமாக மார்க் போடுகிறவள் இல்லை என்று என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மூன்றாம் வருஷத்துக் கேசட்டுகள் வந்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. கதை குதிக்கிறது. டாக்டர் ஒரு காட்சியில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறார், அடுத்த காட்சியில் பொம்பளைத் தொப்பி போட்டுக்கொண்டு அலமாரிக்குள்ளிருந்து வெளியே வருகிறார். ஏன், எதற்கு, ஒன்றும் கிடையாது. பின்னணியில் மட்டும் ஜனங்கள் சிரிக்கிறார்கள். நோட்டில் 'காரணமில்லாத சிரிப்பு, கதையில் தொடர்ச்சி இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி முப்பது போட்டேன். ஃபெயில்.

"முப்பதா?" என்றாள் அவள். மார்க் குறைந்த பிள்ளையின் தாய் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"வேற என்ன போடச் சொல்லுத? இவனுகளுக்குச் சரக்கு தீந்து போச்சு. நல்லா ஓடுதுன்னு இழுத்துக்கிட்டே போறானுக."

நான் அதோடு விட்டிருக்கலாம். அந்த வீட்டில் காகிதத்தில் கடிதம் எழுதுகிற வழக்கம் இல்லை. டேப் ரிக்கார்டரில் பேசி ஆடியோ கேசட்டாகத்தான் அனுப்புவார்கள். அந்த வாரம் அவளும் உம்மாவும் பேசி முடித்த பிறகு, கேசட்டில் இடம் மீதி இருந்தது. "டீச்சரக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினாள். எனக்கு மைக் கிடைத்தால் கேட்கவா வேண்டும். மூன்றாம் வருஷத்துத் தொடர் தேறவில்லை, வாரந்தோறும் மெனக்கெட்டு இதைப் பதிவுபண்ண வேண்டாம், பார்த்தேதான் தீர வேண்டுமென்றால் கடையில் விற்கிற ஒரிஜினல் கேசட்டாக வாங்கி அனுப்பினால் விளம்பரத் தொல்லையாவது இருக்காது என்று தீர்ப்பு வாசித்து முடித்தேன்.

இரண்டு மாசம் கழித்து அவர் குரல் வந்தது. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். இனிமே கடையிலயே வாங்கி அனுப்பிருதேன். நான் சொகமா இருக்கேன், கவலப்படாதீக."

அவள் அந்த இடத்தைத் திரும்பச் சுற்றிப் போட்டுக் கேட்டாள். "அவுகளுக்கு ஒரு பாரம் எறங்குன மாதிரி இருக்குல்லாக்கா?" என்றாள். நான் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக் கேசட்டுகள் வந்தன. அட்டைப்பெட்டியில் டாக்டர் குறடைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். படம் கண்ணாடியாக இருந்தது. விளம்பரம் இல்லை, குலுக்கல் இல்லை, பாங்கும் இல்லை. நான் ஃபெயில் போட்ட அதே மூன்றாம் வருஷத் தொடர்தான். அதில் டாக்டர் ஏன் தொப்பி போட்டார் என்று நாலு நிமிஷம் ஒரு காட்சி இருக்கிறது. நகரசபைத் தலைவருக்குப் பல் பிடுங்கப் பயந்து, அவருடைய மனைவியின் தொப்பியை மாட்டிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறார். அந்த நாலு நிமிஷம் போல இரண்டாம் வருஷம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் கைதட்டிச் சிரித்தேன். முப்பதை அடித்துவிட்டு எண்பத்திரண்டு போட்டேன். வாத்தியார் மார்க்கைத் திருத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? திரும்பிப் பார்த்தால் அவள் டிவியைப் பார்க்காமல் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் பாதி நாளோடு விட்டது. நான் படியேறும்போது கீழே டிவி ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அவள் தனியாக உட்கார்ந்து பழைய கேசட்டை, அவர் பதிவுபண்ணியதை, ஓட்டிக்கொண்டிருந்தாள். குலுங்குகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். திரும்பச் சுற்றி, அதே இடத்தைப் போட்டாள். நாடகத்தைப் பார்க்கவில்லை, வெட்டை மட்டும் பார்த்தாள்.

"என்னட்டி செய்யுத?"

அவள் என்னை உட்கார வைத்து, முதல் வருஷத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டினாள். "பாருங்கக்கா, வெளம்பரம் வந்த உடனே நிறுத்திட்டாக. முடிஞ்ச உடனே விட்டுட்டாக. ஒரு வார்த்தை போகல." பிறகு மூன்றாம் வருஷத்துக் கேசட். "இங்கன பாருங்க. வெளம்பரத்துக்கு நிறுத்துனாக. திரும்ப விடவே இல்ல. அஞ்சு நிமிசம் கழிச்சு டெக் தானா நின்னு போகும்லா? அப்படி நின்னு, அப்பறம் முழிச்சுப் பாத்து விட்டிருக்காக. கடைக் கேசட்டோட ஒத்துப் பாத்தேன். இந்த வாரம் நாலு நிமிசம் போச்சு. அடுத்த வாரம் ஏழு. அதுக்கடுத்த வாரம் பாதி நாடகமே இல்ல. லீவு நாள் சாயங்காலம், விரலைப் பட்டன்ல வச்சுக்கிட்டே ஒரு மனுசன் எதுக்குக்கா தூங்கணும்? அவுகளுக்கு ஒடம்புக்கு ஆகல. கேட்டா சொகமா இருக்கேன்னுதான் சொல்லுதாக. இதுலதான் எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

அவள் அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது. நான் ஃபெயில் போட்டது நாடகத்துக்கு இல்லை, அந்த மனுஷருடைய உடம்புக்கு. அவளுக்கு அவரைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னலையும் நான்தான் மைக்கில் பேசி அடைத்திருக்கிறேன். இங்கிலீஷ் படித்த கழுதை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே டேப் ரிக்கார்டரை எடுக்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தீர்ப்பை வாய்விட்டு வாபஸ் வாங்கினேன். "கடைக் கேசட் சரிப்படவில்லை. அதில் உயிரே இல்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். நாலாம் வருஷத்துத் தொடரை நீங்களே பதிவுபண்ணி அனுப்புங்கள்" என்று பொய்யும் மெய்யும் கலந்து பேசினேன்.

அது போய், கேசட் வந்து சேர எத்தனையோ வாரம் ஆனது. அதுவரை ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்று தலையை ஆட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேசட் வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். நாலாம் வருஷத்துத் தொடரைப் பற்றி நாணயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அது நிஜமாகவே மோசம். கிழவியைக் காணோம், அவளுக்குப் பதில் யாரோ ஒரு சின்னப் பெண். தான் ஒரு வேடிக்கையான ஆள் என்பது டாக்டருக்குத் தெரிந்துபோய்விட்டது. விழுவதற்கு முன்னாலேயே நம்மைப் பார்க்கிறார். ஒரு தொடர் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

முதல் விளம்பரம் வந்தது. வெட்டு விழவில்லை. சோப்பு, பால் மாவு, கார், எல்லாம் முழுசாக ஓடின. நாடகம் வந்தது, போனது. பாங்கு ஒலித்தது. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அரபியில் செய்தி. அதன் பிறகு கால்பந்து. பட்டனை அமுக்கிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கேசட் தீர்ந்து தானாக நிற்கும்வரை அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். உம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தந்தி எழுதுங்க. உடனே பொறப்பட்டு வரச் சொல்லி" என்றாள்.

"காரணம் என்னன்னு போட?"

"எனக்கு ஆகலன்னு போடுங்க. அவுகளுக்குன்னா வர மாட்டாக."

எழுதினேன். நான் இங்கிலீஷில் எழுதியதிலேயே உருப்படியானது அந்த நாலு வார்த்தைதான்.

அவர் வந்து இறங்கியபோது பாதி ஆளாக இருந்தார். சர்க்கரை வியாதி. தெரிந்தால் வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார். வலது காலில் செருப்புக் கடித்த புண் கறுத்துப்போயிருந்தது. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கால்விரலை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் காலையும் காப்பாற்ற முடியாது, ஆளையும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "டீச்சர், எனக்கும் அர்த்தம் சொல்லுங்க. இத்தன வருசமா புடிச்சு அனுப்புனேன், என்ன கதைன்னே தெரியாது" என்றார். மூன்றாம் வருஷத்துக் கடைக் கேசட்டைப் போட்டோம். நகரசபைத் தலைவர் உள்ளே வந்தார். டாக்டரின் கண் தொப்பியின் மேல் போனது. நான் அர்த்தம் சொல்லத் திரும்பினால், அவர் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் சத்தமில்லாமல் எழுந்துபோய் டெக்கை நிறுத்தி வைத்தாள். டாக்டர் தொப்பிக்கு நீட்டிய கையோடு நடுங்கிக்கொண்டே நின்றார். ஐந்து நிமிஷம் ஆனதும் டெக் தானாக நின்றது. அவள் திரும்ப ஓட்டி, அதே இடத்தில் நிறுத்தினாள். அப்படி எத்தனை தடவை எழுந்துபோனாள் என்று நான் எண்ணவில்லை.

அவர் திடுக்கிட்டு விழித்தார். விரல் நாற்காலிக் கையில் எதையோ தேடி அமுக்கியது. "போச்சா? எவ்வளவு போச்சு?" என்றார்.

"ஒண்ணும் போகல. நீங்க தூங்குன எடத்துலயேதான் நிக்குது" என்றாள் அவள்.