ஊற்றுத் தண்ணீரில் கலக்கிய கடல்

கொழும்பு வெள்ளவத்தையில் மகன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. நாங்கள் இருவரும் அதை அதிகம் பார்ப்பதில்லை. நானும் என் மனைவியும் ஏக்கத்தோடு பேசிக்கொள்வது மலைநாட்டு ஹாலிஎலையில் எங்கள் முன்னறையில் இருந்த கடலைப் பற்றித்தான். அதன் நீளம் நான்கடி.

கல்யாணமான புதிதில் அவளைத் திருகோணமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆழமில்லாத தண்ணீருக்கடியில் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் ஒரு தோட்டம் இருக்குங்க" என்றாள். அடுத்த வருடமும் வருவோம் என்று வாக்களித்தேன். அடுத்த வருடம் போர் வந்து பாதை மூடிவிட்டது. பாதை திறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஓய்வு பெற்று வாழ்க்கையே லீவான பிறகு, அத்தனை மணி நேரம் பஸ்ஸில் உட்கார அவளுடைய முழங்கால் சம்மதிக்கவில்லை. சரி, கடலை மலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முப்பத்தைந்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் நான். எதற்கும் ஒரு முறை உண்டு, முறைப்படி செய்தால் எதுவும் பிழையாகாது என்பது என் மதம். நான்கடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்பை நிறுத்துக் கலக்கினேன். அடர்த்தியை அளந்தேன். மலைக்குளிருக்குச் சூடேற்றி வைத்தேன். தண்ணீரைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. மேலே தேயிலை மலையிலிருந்து குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீரை விடச் சுத்தமானது எது?

பதுளைக் கடைவீதியில் வளர்ப்பு மீன் விற்கும் முஸ்லிம் நானா மட்டும் எச்சரித்தார். "சேர், அவசரப்பட்டா மீன் மௌத்தாப் போகும். கல்லப் போட்டு, தண்ணி பக்குவப்பட நாப்பது நாள் சும்மா இருங்க."

இருந்தேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். "என்னங்கய்யா, கல்லுக்கு லைட்டு போட்டு வச்சிருக்கீங்க? பூச எப்ப?"

மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: "வேலைய விட்டதுக்கப்புறம் ஐயா பேச்சக் கேக்குறதுக்கு அந்தக் கல்லுதான் புள்ள இருக்கு."

நாற்பது நாள் கழித்து, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு வந்தன. பிறகு ஊதா நிறத்தில் அசையும் பவளங்கள். கடைசியாக, முதுகில் சிவப்புக் கோடு ஓடும் இறால் இரண்டு. தொட்டிக்குள் கையை விட்டால் அவை விரலில் ஏறி நகத்தைச் சுத்தம் செய்யும். "முப்பது வருசமா வாழக்கா நறுக்குன நகம். ஒரு ஆளாவது கவனிச்சிச்சே" என்று மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காலைத் தேநீரை அவள் தொட்டியருகே குடித்த அந்த மாதங்கள்தான் எங்கள் வீட்டின் நல்ல மாதங்கள்.

மழை தொடங்கியது. வாரந்தோறும் முறைப்படி தண்ணீர் மாற்றினேன். ஒரு வாரம் ஓர் இறால் செத்தது. மறு வாரம் மற்றது. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி மூடிக்கொண்டன. மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை. "இந்தக் கடலும் போயிருச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் நேரே நானாவிடம் சண்டைக்குப் போனேன்.

"மீன் எப்படி இருக்கு சேர்?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க குடுத்த எறாதான் சீக்கு. ரெண்டும் செத்துப்போச்சு."

"மீன் நல்லா இருந்து எறா மௌத்தானா அது செம்பு சேர். துளி செம்பு போதும். வீட்டுல செம்புப் பானை ஏதும்?"

"பானையெல்லாம் இல்ல. ஊத்துத் தண்ணி."

"ஊத்துக்கு மேல என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்கு அந்த மாவட்டத்தில் என்னை விட நன்றாகப் பதில் தெரிந்தவர் எவரும் இல்லை. மேலே தேயிலை. மழைக்காலத்தில் கொப்புள நோய் வராமல் இருக்க அதற்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். அடித்த பம்புகளைக் கழுவக் கீழ் ஓடைவரை நடந்து ஆட்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று, உத்தியோகத்தில் இருந்தபோது கழுவுமிடத்தை ஊற்றுக்கு மேலேயே மாற்றிவைத்தவன் நான். தோட்டத்தை நிர்வகித்த துரை பாராட்டினார்.

நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அதே தண்ணியத்தானே கீழ் லயத்துச் சனம் குடிக்குது?" என்று கேட்டாள்.

"அளவு ரொம்பக் குறைவு. ஆளுங்களுக்கு ஒன்னும் ஆகாது."

"எறாவுக்குந்தான் ஒன்னும் ஆகாதுன்னீங்க. மொதல்ல கழுவுற எடத்த மாத்திட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ஒரு எறா வரக்கூடாது."

தோட்டத்துக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இருப்பவர் கோப்பைத் திறந்து காட்டினார். "ஐயா, கையெழுத்து ஒங்களோடது. நீங்க போட்ட ஏற்பாட்ட நான் எப்புடிங்கய்யா மாத்துறது?" கோப்புகளை அப்படி மதிக்க அவரைப் பழக்கியவனும் நானே. என் பழைய கடிதம் பிழை என்று ஒரு புதிய கடிதம் எழுதிக் கொடுத்தேன். உத்தியோகத்தில் இருந்தவரை அப்படி ஒன்றை எழுதியதில்லை. பிறகு மூன்று வாரம், தினமும் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். கடைசியில், என் கடிதத்தை மதித்தா, என் முகம் அலுத்துப்போயா தெரியவில்லை, கழுவுமிடத்தை ஊற்றுக்கு வெகு கீழே மாற்றினார்கள்.

செய்தியைச் சொன்னபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சரி, நானாக்கிட்ட சொல்லி வைங்க" என்றாள். "ஆனா இனிமே தண்ணிய நான் பாத்துக்குறேன்."

செம்பு ஊறிய கல்லை மாற்றி, குழாயில் வடிகட்டி பூட்டி, மறுபடி நாற்பது நாள் காத்திருந்தோம். புதுப் பவளம் விரிந்தது. கொழும்புக்கு வரும்வரை அது வாடவே இல்லை. செம்பு இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவள் நிறம் பார்ப்பாள். வாளியோடு நான் பக்கத்தில் நிற்பேன். அவள் "ஊத்துங்க" என்ற பிறகுதான் ஊற்றுவேன்.