அண்ணனின் கௌபாய் படம்

என் அண்ணன் ஐயம்பேட்டைக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பொல்லாத கோபக்காரன். யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிவிடுவான். தெருவில் அவன் குரல் உயர்ந்தாலே, உள்ளே தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மா, "வாணாம்பா, உட்ரு" என்று கத்துவாள்.

அவனுக்கு உயிரான படம் ஒன்று இருந்தது. தமிழில் குரல் கொடுத்த பழைய கறுப்பு வெள்ளைக் கௌபாய் படம். காசில்லாமல் எடுத்தது; மலை அட்டை என்று பார்த்தாலே தெரியும். அதில் வரும் கொள்ளைக்காரன், எதிரி பேசி முடிப்பதற்குள் சுட்டுவிடுவான். "நம்ம ஆளுடி இவன்!" என்று அண்ணன் சிரிப்பான். வசனங்களைப் படத்துக்கு முன்பாகவே சொல்லிவிடுவான்.

ஒரு மத்தியானம், வழிவிடாத லாரிக்காரனோடு சண்டை. வண்டியை விட்டு இறங்கியவன், பின்னால் வந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து, "அந்தக் குதிரக்காரன் படத்தப் போடுமா" என்றாள் அம்மா. செல்லைத் தறிமரத்தில் சாய்த்து வைத்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு நொடி முன்னால் அண்ணன் குரல் என் காதில் விழுந்தது. கொள்ளைக்காரன் துப்பாக்கியில் கை வைத்தபோது, "வாணாம்பா, உட்ரு" என்றாள் அம்மா, மெதுவாக.

அதன்பிறகு தினமும் அந்தப் படம்தான். கடைசியில் கொள்ளைக்காரன் சண்டைக்குத் தெருவில் இறங்கும் இடம் வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் போகவில்லை. அவன் சுடப்பட்டுப் புழுதியில் விழுந்தான். அம்மா கண் இமைக்காமல் பார்த்தாள்.

"இவன் எழுந்திரிக்க மாட்டான்ல?"

"நடிப்புதானேமா. எழுந்து, துணிய உதறிக்கினு வீட்டுக்குப் போயிருப்பான்."



"அவங்கம்மா குடுத்து வச்சவ" என்றாள். "அன்னிக்குச் சோறு போட்டிருப்பா."

பிறகுதான் அழுதாள். அண்ணன் போன நாளில்கூட அப்படி அழவில்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி அந்தப் படத்தை அவள் கேட்கவில்லை. நானும் போடவில்லை. ஆனாலும், தெருவில் யாராவது சத்தம் போட்டுப் பேசினால், தறி வேலையில் இருக்கும் எங்கள் இருவரின் கையும் அப்படியே நின்றுவிடுகிறது.