வளையல்கார அக்கா வண்டி பழகிய ஐப்பசி

அது தொண்ணூற்றெட்டு, நான் ஆறாம் வகுப்பு என்பது என் கணக்கு. அம்மா அதற்கடுத்த வருஷம் என்கிறாள். ஐப்பசி என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறில்லை. மழையில்லாமல் அது நடந்திருக்க முடியாது.

கோவில்பட்டியில் அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்பது ஒரு பழைய மாருதி காரும் அப்பாவும்தான். அப்பா உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பழக வருகிறவர் பெண்ணாக இருந்தால் ஸ்கூலில் நானும் சேர்ந்துகொள்வேன். அந்நிய ஆணோடு ஒரு பெண் காரில் தனியாகப் போனால் ஊர் என்ன பேசும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் லீவு நாட்களில் பின்சீட்டில் துணைக்கு உட்காருவது என் வேலை. எத்தனையோ பேருடைய மானம் என் பொறுப்பில் இருந்தது. நான் பெரும்பாலும் தூங்கிவிடுவேன்.

அந்த வருஷம் வந்தவர் வளையல்கார அக்கா. அவரும் அவர் வீட்டுக்காரரும் ஆம்னி வேனில் வளையல், ரிப்பன், பொட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டுபோய் விளாத்திகுளம் பக்கத்துச் சந்தைகளில் கடை போடுகிறவர்கள். வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவர் மறுபடி வண்டி ஓட்ட மாசி ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பொங்கல் சந்தைகள் முடிந்துவிடும். அந்த இடங்களில் வேறு கடைக்காரன் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுப்ப முடியாது. அதனால் அக்காவே ஓட்டுவது என்று முடிவானது.

புரட்டாசியிலிருந்தே பழகினார். கியர், கிளட்ச் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஒரு குறைதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கண்ணால் ரோட்டையும் மறு கண்ணால் அப்பாவின் காலையும் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். எதிரே பஸ் வந்தால் இரண்டு கண்ணுமே காலுக்குப் போய்விடும். அது எங்கேயும் ஓடிப்போகாது என்று அப்பா எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை.

நல்ல மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், இடைசெவல் தாண்டி, அப்பா காரைக் காட்டுப்பாதையில் திருப்பச் சொன்னார். நனைந்த கரிசல் மண்ணை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது டயரில் அப்பிக்கொண்டு டயரைத் தடியாக்கும், பிறகு எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். கார் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியபோது நான் விழித்துக்கொண்டேன். ஒரு பக்கம் பருத்திக்காடு, மறுபக்கம் ஓடை. அப்பா இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, பிரேக்க அமுக்குங்க.”

“அமுக்குனா ஓடைக்குள்ளதான் கெடக்கணும். மொத கியர்லயே விடுங்க. ஸ்டீயரிங்க ஒடிக்காதிய.”

“காலக் கீழ போடுங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“ஒங்க சந்தைக்குப் போற பாதையும் இப்படித்தான இருக்கு? அன்னைக்கு ஏங்காலும் கூட வருமா, தாயி?”

அக்கா அழுதார். அழுதுகொண்டே ஓட்டினார். பின்சீட்டில் நானும், எதற்கென்று தெரியாமலே, கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கார் ஆடி அசைந்து தார் ரோட்டில் ஏறியது. அக்கா ஓரமாக நிறுத்தி, ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, “நீங்கள்லாம் ஒரு வாத்தியாரா?” என்று கேட்டார். அப்பா இறங்கி, குச்சியால் டயரிலிருந்து மண்ணைச் சுரண்டினார். ஏதோ சினிமாப் பாட்டைச் சீட்டியடித்த ஞாபகம்.

லைசன்ஸ் வாங்கியவர்கள் தாங்களே வண்டியோட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் வேட்டி துண்டும் வைத்துக் கொடுப்பது வழக்கம். அக்காவுக்கும் லைசன்ஸ் கிடைத்தது. தாம்பாளத்தில் கட்டாயம் வளையல் இருக்கும் என்று நம்பி, நான் பச்சை நிறம் என்று தீர்மானித்து வைத்திருந்தேன். கார்த்திகை போயிற்று, அக்கா வரவில்லை. காலைத் தூக்கி வைத்துக்கொள்கிற வாத்தியாருக்கு யார் வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் வேறொருவர், ஒரு பள்ளிக்கூட டீச்சர், எங்கள் காரில் பழகிக்கொண்டிருந்தார். விளாத்திகுளம் ரோட்டில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. தலையில் மூட்டைகள் கட்டிய ஆம்னி வேன். சன்னலுக்கு வெளியே கை நீண்டு சைகை காட்டியது. வேன் எங்களைக் கடந்து தன் பக்கத்துக்கு ஒழுங்காகத் திரும்பியது. ஓட்டியது அக்காதான். நான் தலையை நீட்டிக் கத்திக் கையாட்டினேன். அவர் கண் ரோட்டை விட்டு அசையவில்லை. அப்பா, டீச்சரை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, வேன் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் அதைச் சொன்னார்.

“திரும்பிக்கூடப் பாக்கல, கேட்டியா? நம்ம காருன்னே தெரியல அவியளுக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொல்லிச் சிரித்தார். வருத்தத்தை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து, என் அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.