நெஸ்கா மூடிய கதவு

நெஸ்காவை ஆய்லா கொன்றுவிட்டார் என்று எனக்குச் சொன்னது என் எழுத்துக் குழுத் தோழி லூசெட். அவளுக்கு நூலகத்தில் யாரோ சொன்னார்களாம்.

"பதிப்பகத்துல ஒரு வார்த்தை சொன்னாங்களாம், இவ அவளைக் கப்பலுக்கு வெளிய தள்ளிட்டாளாம்!" என்று போனில் கத்தினாள்.

நெஸ்கா உயிருள்ள ஆள் இல்லை. ஆய்லா கோர்பினென் ஆறு வருடமாக எழுதிவரும் அறிவியல் புனைவு நாவலில், விண்கலத்தின் காற்றைக் காப்பவள். தீப்பிடித்த பகுதியின் கதவை மூடிப் பதினாறு பேரைச் சாகவிட்டு, முந்நூறு பேரைக் காப்பாற்றியவள். இருந்தும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆய்லாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கனடாவின் தண்டர் பே நகரிலேயே பிறந்து, இருபத்தாறு வருடமாகக் குடிநீர் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர். வால்வைத் திறப்பார், மூடுவார், பதிவேட்டில் குறிப்பார். பனியில் புதைந்த என் காரை இரண்டு முறை தன் பிக்கப் வண்டியால் இழுத்துவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டவர்.

அவருக்கு டொரான்டோவிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். நாவல் பிடித்திருக்கிறது, நெஸ்காவைத்தான் சகிக்க முடியவில்லை. மென்மையாக்குங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் போனில் முடிவைச் சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை நூலகப் பின்னறையில் எங்கள் குழு நால்வரின் வாராந்தரக் கூட்டம். யாருடைய பக்கங்களைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் கடைசிவரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அடுத்த வாரம் எல்லோருக்கும் ஏலக்காய் ரொட்டி சுட்டு வர வேண்டும்.

"கொன்னுட்டியாமே?" என்றார் மர்டோ, ஆய்லா கோட்டைக் கழற்றுவதற்குள். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர்.

"கொன்னு பாத்தேன். அவ இல்லேன்னா நூறாவது பக்கத்துல கப்பலே வெடிச்சுடுது," என்றார் ஆய்லா.

அவருடைய பக்கங்களை எடுத்தோம். ஆய்லா வாயை மூடிக்கொண்டார்.

"தப்பா நினைக்காத தாயே," என்றார் மர்டோ, "உன் நெஸ்காகூட ஒரு வாய் காபி குடிக்கச் சொன்னா, நான் ஏரியில குதிச்சிருவேன். ஜனவரியா இருந்தாலும் சரி."

லூசெட் தலையாட்டினாள். "அவ கெட்டவன்னு நான் சொல்லல. யாருன்னே தெரியல. 'மணி 14.10. கதவு மூடப்பட்டது. அழுத்தம் சீரானது.' இது ஒரு பொம்பளையோட மனசா?"

என் முறை வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, "இது... ஷிப்ட் பதிவேடு மாதிரி இருக்கு ஆய்லா," என்றேன். "என்ன செஞ்சான்னு இருக்கு. ஏன் செஞ்சான்னு இல்ல."

ஆய்லாவின் முகம் காதுவரை சிவந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"மூடினதுக்கப்புறம் அவ அங்கிருந்து போகல!"

"ரொட்டி!" என்று மேசையைத் தட்டினார் மர்டோ. "பேசிட்டா! ரொட்டி!"

"அட, சும்மா இரு! அந்தப் பக்கம் தட்டுறாங்க. இவ கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பூட்டு விழுந்தாச்சு, இனிமே யாராலயும் திறக்க முடியாது. அது இவளுக்கும் தெரியும். ஆனாலும் தான் திறந்துடுவோமோன்னு பயம். தட்டுறது நிக்கிறவரைக்கும் ஒவ்வொண்ணா எண்ணுறா."

மர்டோ மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"இதை ஏன் எழுதல?" என்றாள் லூசெட் மெதுவாக.

"பதிவேட்டுல அதுக்குக் கட்டமே கிடையாதே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். லூசெட் பேனாவை அவர் கையில் திணித்தாள். மர்டோ தன் கதைத்தாள்களையே திருப்பி நீட்டி, "பின்பக்கம் எழுது, என் கதை எங்க ஓடிடப்போகுது," என்றார். ஒரு மணி நேரம் ஆய்லா நிமிரவேயில்லை. காபி ஆறிப்போனது. பிறகு நான்கு பக்கங்களை வாசித்தார்.

மர்டோ மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறம் யாராச்சும் அவளுக்குத் தண்ணி குடுத்தாங்களா?"

ஆய்லா வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடமே இருந்தது.

"மென்மையாக்கப் போறதில்ல. எடுக்கவும் போறதில்ல," என்று எண்களை அழுத்தினார். "முதல்ல இந்த நாலு பக்கத்தைக் கேக்கட்டும். பிடிக்கலேன்னா வேற புத்தகம் தேடிக்கட்டும்."

"ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல!" என்றார் மர்டோ.

போன் மேசை நடுவே கிடந்தது. நான்கு தலைகளும் அதன்மேல் கவிந்தன. டொரான்டோவில் போன் மணி அடித்தது. ஒவ்வொன்றாக எண்ணினோம். நான்கு, ஐந்து. லூசெட் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆறு.