கூழாங்கல்லில் ஊற்றிய தண்ணீர்

அப்பாவின் சாம்பலை ஊஸ்டர் நகருக்குப் பக்கத்துக் காட்டில், ஒரு பீச் மரத்தடியில் புதைத்திருந்தோம். இந்தக் கோடையில் மழை இல்லாமல் ஆடி மாதத்திலேயே அந்த மரம் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. நான் கிழமைக்கு இரண்டு தரம் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றினேன்.

அங்கேதான் காட்டைப் பராமரிக்கும் ஃபோர்ஸ்டரைக் கண்டேன். நரைத்த தாடி, பெரிய சப்பாத்து, வெட்டவேண்டிய மரங்களில் புள்ளி போடப் பெயின்ற் டப்பா. புள்ளி போடுமுன் கையுறையைக் கழற்றி, மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

"இன்னும் கூட ஊற்றினால் தப்புமோ?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன்.

அவர் சப்பாத்து நுனியால் நிலத்தைக் கிளறினார்.

"மேலே ஒரு சாண்தான் மண். எப்போதோ வெடித்த எரிமலையின் சாம்பலும் அதில் கலந்திருக்கிறது. அது கொஞ்சம் ஈரம் பிடிக்கும். கீழே முழுக்கப் பனியாறு உருகி ஓடியபோது விட்டுப்போன கூழாங்கல். நீங்கள் ஊற்றுவது நிற்காது."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அவர் டப்பாவைக் குலுக்கினார். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டு, "இந்த மரத்தைத் திங்கட்கிழமை பார்க்கிறேன்" என்று போய்விட்டார்.

திங்கள் வேலை முடிந்து ஓடினேன். மரத்தில் செம்மஞ்சள் புள்ளி இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. எனக்குக் கோபம்தான் வந்தது. கானைச் சரிக்கக் குனிந்தபோது பார்த்தேன், மரத்தடி ஏற்கெனவே நனைந்திருந்தது. ஈரத்தில் அந்தப் பெரிய சப்பாத்தின் தடம்.

நிற்காது என்று சொன்ன மனிதர் ஏன் ஊற்றினார் என்று கேட்க, பிறகு நான் அவரைக் காணவேயில்லை.