ஏழு ஜோடிச் செருப்புகள்

சூலக்கரையில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே நடந்த கைவினைக் கண்காட்சியில் எனக்கு ஒரு மூலைக் கடை கிடைத்திருந்தது. நேரில் போய் உட்கார்ந்து பேனாவால் வரைந்த இடங்களை, சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் கெட்டித் தாளில் அச்சிட்டு விற்கிறேன். சாத்தூர் ரயில் நிலையம், விருதுநகரில் மிளகாய் வற்றல் மூட்டைகள் இறங்கும் தெரு, இப்படிச் சில. வருகிறவர்கள் கேட்பது அநேகமாக இரண்டுதான். கையால் வரைந்ததா, கம்ப்யூட்டரா? சாமி படம் இல்லையா? வெள்ளிக்கிழமை மாலை பொறுமையாக விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தலையை அசைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓரளவு விற்றது ஒரே படம். நாரணாபுரம் போகும் வழியில் ஒரு பட்டாசு ஆலையின் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து வரைந்தது. ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் சிறிய அறைகளில் ஒன்று, திறந்த கதவு, உள்ளே இருட்டு, வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள். வெடிமருந்து இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. ஆளே இல்லாத படத்தில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு கல்லூரி ஆசிரியர் வாங்கிப் போனார். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. அதனால் அதைப் பெரிதாக அச்சிட்டு, கடை முகப்பில் சாலையைப் பார்த்தபடி தொங்கவிட்டிருந்தேன்.

ஞாயிறு மாலை இரண்டு பெண்கள் அதன் முன்னால் வந்து நின்றார்கள்.

"இங்கன பாருங்க மதினி, நம்ம கம்பெனி," என்றாள் இளையவள்.

"வாரம் பூரா பாக்குறது காணாதா? வீட்டுலயும் மாட்டிக்கிட்டுப் படுக்கவா? அருவிப் படம் இருக்கான்னு கேளு," என்றாள் மூத்தவள்.

இளையவள் சிரிக்கவில்லை. அவள் விரல் தாளில் படாமல் செருப்புகளை எண்ணிக்கொண்டு போய்க் கடைசி ஜோடியில் நின்றது. அதில் ஒன்றின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. வரையும்போது அந்த ஊக்கு எனக்குப் பிடித்துப்போய் அதற்கென்று தனிக் கவனம் எடுத்திருந்தேன்.

"யக்கா, ஏழு சோடி போட்டிருக்கீக."

"இருந்ததைத்தாம்மா வரைஞ்சேன்."

"இருந்துச்சு. அதான் சங்கடம். அந்த ரூம்புல நாலு பேருதான் உக்காரணும். சீசன் ஆர்டருக்காக ஏழு பேரு உக்காந்திருக்கோம்." எதிரே பூட்டிக் கிடந்த அலுவலகங்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குத் தொறந்துருவாக. ஆபீசருக டீ குடிக்க இந்த வழியாத்தான வருவாக? ஊக்கு குத்துனது என் செருப்பு. போர்மேன் பாத்தாலே எந்த ரூம்புன்னு சொல்லிருவாரு."

"ஏழு பேர் இருக்கறது ஆபத்து இல்லையாம்மா?" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கேள்வி எனக்கே அலுத்துவிட்டது.

"தெரியாமலா யக்கா இருக்கோம்? நாலுதான்னு கறாராச் சொல்லிட்டா மூணு பேரு வெளிய. மொத ஆளு நான். சித்திரையிலதான் சேந்தேன்."

"மூணு சோடிய அழிச்சிட்டு அடிங்களேன்," என்றாள் மூத்தவள். "செருப்பு கொறஞ்சா படம் அழுகவா போகுது?"

அழிப்பது அச்சகத்தில் சின்ன வேலை. ஆனால் அழித்தால், அந்த அறையில் நால்வர்தான் இருக்கிறார்கள் என்று நானே கையெழுத்திட்டுச் சொன்னதாகும். தொங்கவிட்டால் இவள் பிழைப்பு போகும். கழற்றினால், ஏழு பேரை உட்கார வைத்தவருக்கு நானும் ஒரு திரை பிடித்ததாகும். என் வயதுக்கு நிறையவே படித்திருக்கிறேன். நியாயத்தைப் பற்றிப் படித்தது எதுவும் அந்தச் சில நிமிடங்களில் கைகொடுக்க வரவில்லை. அவள் முகம் மட்டும் எதிரே இருந்தது.

ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன். அவள் ஒரு முனையைப் பிடித்து, தானே சுருட்டினாள். பட்டாசுக் குழாய் சுற்றிப் பழகிய கை. தாளில் ஒரு மடிப்பு விழவில்லை. அதே படத்தின் மிச்சமிருந்த சிறிய பிரதிகளையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"வித்துப்போனதெல்லாம்?"

"வெளியூர்க்காரங்க வாங்கினது."

"அவுகளுக்குச் செருப்பு செருப்பாத்தான் தெரியும்," என்று முதன்முறையாகச் சிரித்தாள்.

அறையில் எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்டேன்.

"கதவோரந்தான் யக்கா. வெசனப்படாதீக."

அவர்கள் பேருந்தைப் பிடிக்கப் போனார்கள். அவளுடைய வேலையைக் காப்பாற்றினேனா, அவளை அந்த அறைக்குள் திருப்பி அனுப்பினேனா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. இரண்டையும் ஒரே கையால் செய்திருந்தேன்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் இரண்டு பேர் செருப்புப் படத்தைக் கேட்டு வந்தார்கள். தீர்ந்துவிட்டது என்றேன்.